ஒரு வரி மின்னஞ்சல்

குறுக்கு விசாரணையில் சீனியர் இன்று சாட்சியிடம் ஒரே ஒரு மின்னஞ்சலைத்தான் காட்டினார். "டீல் முடிந்தது, வாழ்த்துகள்." அந்தச் சாட்சியே அனுப்பியது.

கையெழுத்தே ஆகவில்லை என்று காலையிலிருந்து சாதித்த மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சீனியர் அவசரப்படவில்லை. துடைத்து முடிக்கட்டும் என்று நின்றார்.

(பெட்டி பெட்டியாக ஆவணம் படித்து அந்த வரியைக் கண்டெடுத்த ஜூனியரை யாரும் கண்டுகொள்ளவில்லை. வணிக வழக்கில் அது சகஜம்.)

1985இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களான பென்சாயில், டெக்சாகோ வழக்கிலும் இதே கேள்விதான்: இறுதி ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கெட்டி ஆயில் நிறுவனம் பென்சாயிலுக்குக் கட்டுப்பட்டுவிட்டதா? (பிறகு அதை வாங்கியது டெக்சாகோ.) விபத்து வழக்குகளில் பெயர் வாங்கிய, பென்சாயிலின் வழக்கறிஞர் ஜோ ஜமைல், அத்தனை பெரிய நிறுவனச் சண்டையை 'கொடுத்த வாக்கு' என்று சுருக்கி ஜூரி முன் வைத்தார். என்னைக் கேட்டால், அதுதான் அவருடைய உண்மையான திறமை.

டெக்சாகோ தர வேண்டும் என்று ஜூரி விதித்தது 1,053 கோடி டாலர். டெக்சாகோ திவால் மனு போட்டது. அப்புறம் 300 கோடியில் சமரசம்.