நகைப்பட்டறைத் தராசில் ஏர் பிஸ்டல் குண்டுகளை நிறுத்துப் பார்த்தேன்

வெளிநாடுகளில் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வோர் பழைய கருவிகளைத் தேடி வாங்குவதைப் படிக்கும்போது ஆசை எழுவது இயல்பே. ஆனால் நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே பத்து மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது பத்து மீட்டர் தூர இலக்கைக் காற்றுக் கைத்துப்பாக்கியால் சுடும் போட்டி, பயிலும் நான், அதற்குரிய ஈயக் குண்டுகளைத் தரம் பிரிப்பதோடு நின்றுகொண்டேன். 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிப் பிஸ்டல் அந்த ஆற்றலில் பாதியைக்கூட எட்டாது.

கோவை ராஜ வீதிப் பக்கம் நகைப்பட்டறை ஒன்றை மூடியவரிடமிருந்து மில்லிகிராம் வரை காட்டும் மின்னணுத் தராசும், உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து பொருளை இறுகப் பிடித்து வைக்கும் ஒரு பெஞ்ச் வைஸும் கிடைத்தன. வைஸின் தாடைகள் தேய்ந்திருந்தன. எப்படியும் தோல் ஒட்டித்தான் பயன்படுத்தப் போகிறேன் என்பதால் அது பொருட்டல்ல. தராசுதான் படுத்தியது. ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, சிறிது நேரம் ஓடவிட்டு, அளவுக்கல்லால் சரிபார்த்த பிறகும் கடைசி இலக்கம் நிற்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும் நாட்களில் எங்கள் வீட்டுக் கதவு அடைத்திருந்தாலும் இடுக்கில் காற்று புகும். பழைய மீன்தொட்டியைத் தராசின்மேல் கவிழ்த்து வைத்ததும் எண் அசையாமல் நின்றது.

டப்பாவில் 0.53 கிராம் என்று அச்சிட்டிருந்த தட்டைத்தலைக் குண்டுகளில் பெரும்பாலானவை அதை ஒட்டியே இருந்தன. ஒரு சில மட்டும் சற்று விலகின. தலைப்பகுதியின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளக்க முயல்வது வீண் வேலை, ஏனெனில் ஈயம் மெத்தென்றிருப்பதால் அளக்கும்போதே நசுங்கிவிடுகிறது. கண்ணால் பார்ப்பதே அதிகம் பயன்பட்டது: வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியின் கீழ் உருட்டினால் பின்விளிம்பு நெளிந்தவை உடனே தெரிந்துவிடும். பிஸ்டலை விற்றவர் இலவசமாகத் தந்த பழைய டப்பாக்களில் இருந்தவை வெள்ளை பூத்திருந்ததால் அவற்றை நான் தொடவே இல்லை. ஈயத் தூள் உடலுக்குக் கேடு. வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் தேநீர்க் குவளையைக்கூட எடுக்கக் கூடாது.

பிஸ்டலை வைஸில் பிடித்து, மூன்று வகையாகச் சுட்டுப் பார்த்தேன். டப்பாவிலிருந்து அப்படியே எடுத்தவற்றில் இடையிடையே ஒன்று தனியே விலகிப் போயிற்று. நெளிந்தவற்றை நீக்கியபின் துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவற்றையும் எடைவாரியாகப் பிரித்துச் சுட்டபோது என் கண்ணுக்கு எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. கணக்கும் அதையே சொல்கிறது. அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். ஒற்றைக் கையை நீட்டி நின்று சுடுபவனின் மணிக்கட்டு அசைவுக்கு முன்னால் சில மில்லிகிராம் வேறுபாடு எம்மாத்திரம்?

ஆகவே மாலைப்பொழுதை எடை போடுவதில் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, நெளிவு பார்ப்பதை மட்டும் தொடர்கிறேன். இப்போது கவனம், சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையின் (டிரிகர்) மீது திரும்பியுள்ளது. போட்டி விதிப்படி அது விடுபடாமல் குறைந்தது 500 கிராமைத் தாங்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் ஒருவர் தந்த அரைக்கிலோ எடைக்கல்லை இந்தத் தராசு தாங்காது என்பதால், அதைத் தெரிந்த கடையில் சரிபார்த்துக் கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன். குழலை மேல்நோக்கி நிறுத்தி, குண்டு இடாமல் காற்று மட்டும் ஏற்றி, அந்தக் கல்லை விசையால் தூக்கிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.