பழைய ஃபோர்டு பிக்கப்: இன்ஜின் 360-ஆ, 390-ஆ?

1968 முதல் 1976 வரை வந்த ஃபோர்டு எஃப்-100 வாங்குபவர்கள் முதலில் இன்ஜினின் வால்வு கவர் (மேல் மூடி) போல்டுகளை எண்ணுங்கள். ஒரு பக்கத்துக்கு 5 என்றால் 360, 390 இரண்டும் சேர்ந்த எஃப்இ இன்ஜின் குடும்பம் (இந்த எண்கள் கன அங்குலத்தில் இன்ஜின் கொள்ளளவு). 6 என்றால் 302 போன்ற வின்ட்சர் வகை, 7 என்றால் 460. 8 இருந்தால் 1977-இல் வந்த 351எம் அல்லது 400. அதாவது, இன்ஜினைப் பிறகு மாற்றி வைத்திருக்கிறார்கள். எஃப்இ-யில் இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று-எரிபொருளைக் கொண்டுபோகும் பாகம்) வால்வு கவருக்கு அடியிலும் நீண்டிருக்கும், வால்வுகளை இயக்கும் புஷ்ராடுகள் அதன் வழியாகவே போகும்.

சிக்கல் இனிமேல்தான். 360, 390 இரண்டும் வெளியே ஒன்றுபோலவே இருக்கும், போர் (சிலிண்டர் விட்டம்) அளவும் ஒன்றே: 4.05 அங்குலம். பிளாக்கின் முன்புறம் '352' என்று வார்த்திருப்பதை நம்பவே வேண்டாம், 390 பிளாக்கிலும் அது உண்டு. ஸ்ட்ரோக்கை, அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை நகரும் தூரத்தை, அளப்பதுதான் வழி. முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய மரக்குச்சியை அந்தத் துளை வழியே பிஸ்டன்மேல் படும்படி சாய்வு மாறாமல் பிடித்து, கிராங்க்கை (பிஸ்டன்களை நகர்த்தும் சுழல் தண்டை) கையால் சுற்றுங்கள். பிஸ்டன் நகரும் தூரம் 89 மி.மீ. அளவில் இருந்தால் 360, 96 என்றால் 390. கம்பி வேண்டாம், பிஸ்டனைக் கீறிவிடும்.

360-ஐ 390 ஆக்க கிராங்க் மட்டும் போதாது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும், நீளம் குறைந்த 390 கனெக்டிங் ராடுகளும் சேர்ந்தே வேண்டும்.