எங்கள் வீட்டு அவன்

"ஒன்றரை அங்குலம்" என்றார் கிரேவித் தாத்தா. சட்டைப் பையிலிருந்து ஆறங்குல ஸ்கேலை எடுத்து, பன்னிரண்டு யார்க்‌ஷர் புட்டிங்கையும் ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அப்புறம் "பரவாயில்லை, விடு" என்றார். இந்த நாட்டில் பதினோரு வருஷம் குப்பை கொட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு இங்கிலீஷ்காரர் அந்தக் குரலில் பரவாயில்லை என்றால், அடுத்த மூன்று மாதத்துக்கு வாசலில் நிற்கும் நம் குப்பைத் தொட்டியை அவர் உள்ளே இழுத்து வைக்க மாட்டார்.

நடந்தது போன ஞாயிறு. இன்றைக்கு வெள்ளி. ஒரு பக்கம் கிரேவித் தாத்தா, மறுபக்கம் நொன்னா (இத்தாலியில் பாட்டிக்கு அந்தப் பேர்), நடுவீட்டில் குடியிருக்கும் பாவத்தை இன்னும் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

காலை பதினொரு மணிக்கு நொன்னா வந்தார், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனத்தில் ஒரு தட்டோடு. ஞாயிறு என்றால் அவர் வீட்டில் பதினான்கு பேர் சாப்பாடு. அங்கே லசான்யா ஏறிவிட்டால் சீஸ் போட்டுச் சுடும் கத்தரிக்காய் பார்மிஜானாவுக்கு இடமிருக்காது, அது எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் அவன் (ஓவனை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) சும்மாதானே கிடக்கிறான் என்பது நொன்னாவின் எண்ணம். அவனைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இட்லிப் பானை, இரண்டு தோசைக்கல், பிடி கழன்ற வடைச்சட்டி, தீபாவளிக்கு எடுத்த முறுக்குக் குழல், எல்லாம் அவன் வயிற்றுக்குள்தான் இருக்கின்றன. போதாததற்கு, அத்தை சனிக்கிழமை அரைத்து வைத்த மாவு, உள்விளக்கின் சூட்டில் பச்சைக் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது.

"மாவு இன்னும் பொங்கலைளா. இப்ப வெளிய எடுத்தா அம்புட்டுத்தான்" என்றார் அத்தை.

"உங்கள் கத்தரிக்காயைப் பார்த்ததில் அத்தைக்கு ரொம்ப சந்தோஷம்" என்று நொன்னாவிடம் மொழிபெயர்த்தேன். இவர், என் வீட்டுக்காரர், மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டே காலுக்கு மறுபடி அழைப்பு மணி. கிரேவித் தாத்தா. ஒரு கையில் மாவுக் கரைசல், இன்னொரு கையில் பன்னிரண்டு குழித் தட்டு. ஆட்டுத்தொடை வெந்து இறங்கிவிட்டதாம். யார்க்‌ஷர் புட்டிங் வைக்கப் போகும் நேரம் பார்த்து அவர் வீட்டு அவன் உயிரை விட்டுவிட்டானாம். கண் கலங்கவில்லை, அவர் யார்க்‌ஷர் லீட்ஸ்காரர். ஆனால் ஜாடி லேசாக ஆடியது.

புட்டிங் என்றதும் அத்தை இனிப்பு என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மைதா, முட்டை, பால், உப்பு. "உப்பைப் போட்டுட்டுப் புட்டிங்னு பேரா?" என்றார். பணியாரச் சட்டி மாதிரி குழி குழியாக இருக்கும் தட்டில் கொழுப்பைப் புகையப் புகையக் காய்ச்சி, அதில் கரைசலை ஊற்ற வேண்டும். "என்ன கொழுப்பு?" என்றார் அத்தை. "சும்மா கொழுப்புதான் அத்தை" என்றேன். மாடு என்ற சொல் வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியை இரண்டடி பின்னால் நகர்த்திக்கொண்டார்.

நொன்னாவுக்கு 180 டிகிரி. தாத்தாவுக்கு 220. நான் 200 என்று தீர்ப்புச் சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், அவர்கள் ஒன்றுபட்ட ஒரே தருணம் அதுதான் என்று தோன்றியது. கடைசியில் நொன்னாவின் தட்டு அலுமினியத் தாள் போர்த்திக்கொண்டு கீழ்த்தட்டுக்குப் போனது. தாத்தாவுக்கு மேல்தட்டு, 220. தாத்தா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இருபது நிமிஷம் யாரும் கதவைத் தொடக் கூடாது. உள்ளே கிளம்புகிற நீராவிதான் புட்டிங்கைத் தூக்கி நிறுத்துகிறது, மேல்தோல் இறுகுவதற்குள் குளிர்காற்றுப் பட்டால் உட்கார்ந்துவிடும். நாலு அங்குலமாவது எழும்பியாக வேண்டும். இது தாத்தாவின் கிறுக்கு என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இல்லை. நாலு அங்குலம் இல்லாவிட்டால் அது யார்க்‌ஷர் புட்டிங்கே இல்லை என்று இந்த நாட்டு ராயல் வேதியியல் சங்கமே 2008இல் சொல்லியிருக்கிறது. வேதியியலில் மற்றதையெல்லாம் கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆக, இருபது நிமிஷம். ஒரு சமையலறை, மூன்று கிழடுகள், ஒரு மொழிபெயர்ப்பாளர். இவர் சோபாவில் குறட்டை.

நொன்னாதான் ஆரம்பித்தார். 2025 டிசம்பரில் யுனெஸ்கோ இத்தாலியச் சமையலை மொத்தமாகப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து அவரிடம் நின்று பேச முடிவதில்லை. "உங்கள் கிரேவிக்கு என்ன கொடுத்தார்கள்?" என்றார். அத்தைக்குச் சொன்னேன். "அது டெல்லியில நடந்த கூட்டம்லா? தீபாவளிக்கும்லா கொடுத்தாவ!" என்றார் அத்தை. உண்மைதான், செங்கோட்டையில் நடந்த அதே கூட்டம். ஆக, அந்த அறையில் பட்டம் வாங்காதவர் தாத்தா ஒருவர்தான்.

தாத்தா டீயை ஒரு மிடறு குடித்தார். 1940இல் வந்த ரேஷன் 1954இல்தான் முழுசாக ஒழிந்தது, ஒழிந்தபோது அவருக்கு ஒன்பது வயசு. ஆளுக்கு வாரம் ஒரு முட்டை. அதை வைத்துத்தான் அவருடைய அம்மா ஞாயிற்றுக்கிழமை புட்டிங்கை எழுப்பியிருக்கிறார். ஆலிவ் எண்ணெய் மருந்துக் கடையில் சின்னப் பாட்டிலில் கிடைக்குமாம், காதில் விடுவதற்கு. கறி விலை அதிகம் என்பதால் முதலில் புட்டிங்கையும் கிரேவியையும் போட்டு வயிற்றை அடைத்துவிட்டு, அப்புறம்தான் கறியைக் கண்ணில் காட்டுவார்களாம். இதைச் சொன்னதும் அத்தை நாற்காலியை ஒரு அடி முன்னால் இழுத்துக்கொண்டார். "எங்க மாமியாரும் அப்படித்தான். ரெண்டு கரண்டி சோறும் குழம்பும் உள்ள போனாத்தான் ஒரு துண்டு விழும்."

நொன்னா விடுவாரா? 1957 ஏப்ரல் முதல் தேதி, மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதாக பிபிசி ஒரு படம் காட்டியது. எப்படிப் பயிரிடுவது என்று கேட்டு ஜனங்கள் போன் போட்டார்கள். ஒரு கொப்பை ஒடித்துத் தக்காளி சாஸ் டப்பாவில் நட்டு வையுங்கள் என்று பதில் வந்தது.

"நீங்கள் நம்பினீர்களா?" என்றார் நொன்னா.

"எனக்குப் பன்னிரண்டு வயசு."

"உங்கள் அப்பா?"

தாத்தா டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே என்று தாத்தா இழுக்க, உருளைக்கிழங்கு மட்டும் லீட்ஸில் முளைத்ததா என்று நொன்னா எகிற, நான் வாயே திறக்கவில்லை. நம் மிளகாயும் அதே வழியில் வந்ததுதான் என்று அத்தையிடம் சொன்னால் இன்னொரு நாற்காலி நகரும்.

என் கட்சி என்ன என்று இந்தத் தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள். நாக்கைக் கேட்டால் இத்தாலி, சந்தேகமே இல்லை. மூன்றே சாமானில் ஒரு சாப்பாடு செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மூன்றும் யோக்கியமாக இருக்க வேண்டும், மாசி மாதத்தில் இங்கே கடையில் கிடைக்கும் தக்காளி தண்ணீருக்குச் சிவப்பு அடித்தது மாதிரி இருக்கும். தவிர, இத்தாலியச் சமையலில் போலீஸ் அதிகம். ஒரு தடவை பானை சின்னது என்று ஸ்பகெட்டியை இரண்டாக ஒடித்துப் போட்டேன். நொன்னா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இரண்டு வாரம் பேசவில்லை. கார்பொனாரா பாஸ்தாவில் கிரீம் ஊற்றினால் குற்றம், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் காப்புச்சீனோ கேட்டால் குற்றம், போலொன்யா சாஸை ஸ்பகெட்டியோடு சேர்த்தால் குற்றம். நொன்னா போலொன்யாக்காரர்கூட இல்லை, தெற்கு இத்தாலியின் கம்பானியா மலைக்காரர். செங்கல் சூளை வேலைக்கு வந்த அப்பாவின் பின்னால் ஆறு வயதில் பெட்ஃபோர்டில் வந்து இறங்கியவர். ஸ்டூவர்ட்பி செங்கல் சூளையின் புகைபோக்கிகளை 2021இல் வெடிவைத்துச் சாய்த்தபோது அழுதவர்.

இங்கிலீஷ் சாப்பாட்டில் இந்தத் தொல்லை கிடையாது. வறுத்த உருளைக்கிழங்கில் நான் மிளகாய்ப்பொடி தூவினால் தாத்தா "ஓ, சுவாரசியமாக இருக்கிறதே" என்பார், அவ்வளவுதான். கிரேவியில் மிளகைத் தட்டிப் போட்டாலும் கேட்க ஆளில்லை. இந்த ஊர்ப் பெருமை என்று கிளாங்கர் ஒன்று இருக்கிறதே, ஒரு பக்கம் கறி, மறுபக்கம் ஜாம், எல்லாம் ஒரே மாவுச் சுருளுக்குள். அதையே பொறுத்துக்கொண்டவர்கள் என் மிளகாய்ப்பொடியையா கேட்கப் போகிறார்கள்?

அத்தைக்குக் கட்சி மாறியது வூஸ்டர் சாஸ் பாட்டிலில். சும்மா இருக்கட்டுமே என்று லேபிளைப் படித்துக் காட்டினேன்: வினிகர், வெல்லப்பாகு, நெத்திலி, புளி, வெங்காயம், பூண்டு. "இது நம்ம நெத்திலிக் குழம்புல்லா! வடிகட்டி பாட்டில்ல அடைச்சுருக்கான்" என்றார் அத்தை. நெத்திலி எங்கள் சொத்து என்று நொன்னா பாய்ந்தார். அடுத்து, கஸ்டர்ட் பவுடர் எப்படி வந்தது என்று தாத்தா சொன்னார். பர்மிங்ஹாமில் ஆல்பிரட் பேர்ட் என்று ஒருவர், அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, அதற்காக 1837இல் முட்டையில்லாத கஸ்டர்டைக் கண்டுபிடித்தார்.

"பொண்டாட்டிக்காகவா?" என்றார் அத்தை. நம்பவில்லை. "பொண்டாட்டிக்காகத்தான்" என்றேன். "இத்தாலியில எவனாவது பொண்டாட்டிக்காக எதையாவது கண்டுபிடிச்சிருக்கானான்னு அவகிட்ட கேளு." நான் கேட்கவில்லை. எங்கள் இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் சோபாவின் பக்கம் திரும்பின. குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

தாத்தாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இத்தாலியில் ஸுப்பா இங்க்லேஸே என்று ஒரு இனிப்பு உண்டே, அதற்கு என்ன அர்த்தம் என்றார், தெரியாதவர் போல. இங்கிலீஷ் சூப் என்று அர்த்தம். கேக், கஸ்டர்ட், கொஞ்சம் மது, ஏறக்குறைய இவர்களுடைய ட்ரைஃபில். "அது வடக்கத்தியான் செய்வது, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!" என்று நொன்னா எழுந்தார். கோபத்தில் எழுந்தாரா, சீஸ் தீயும் வாடை மூக்கில் ஏறி எழுந்தாரா, எனக்குத் தெரியாது. எழுந்தவர் நேரே போய் அவன் கதவைத் திறந்தார்.

பதினொன்றாவது நிமிஷம்.

பன்னிரண்டும் ஒரே மூச்சில் உட்கார்ந்தன. சத்தம்கூட வரவில்லை. தாத்தா எழுந்து நின்றார், யாருக்கோ அஞ்சலி செலுத்துகிற மாதிரி. நொன்னா தாளை நீக்கி, கத்தரிக்காயின் மேல் ஒரு ஓரம் கறுத்திருப்பதைக் காட்டி, கையை இத்தாலிய பாணியில் குவித்து ஆட்டினார். மன்னிப்பு? நொன்னாவா? பார்மிஜானாத் தட்டு அந்தப் பக்கம் போனது, புட்டிங் தட்டு இந்தப் பக்கம் போனது. ஸ்கேல் மட்டும் எங்கள் மேடையில் கிடந்தது. கொழுப்புத் தெறித்துக் கருகிய அவனும் நானும் மிச்சம்.

சாயங்காலம் நாலரை மணிக்குக் குளிக்கத் துண்டு எடுக்கப் போன அத்தை மாடியிலிருந்து கத்தினார். இவர் மாவை வெந்நீர்த் தொட்டி அலமாரியில் வைத்திருக்கிறார், சூடாக இருக்குமே என்று. இருந்தது. மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, ஒன்பது துண்டுகளின் மேல் இறங்கி, கீழே இவருடைய ஆபீஸ் சட்டைவரை யாத்திரை போயிருந்தது. நாலு அங்குலமா, நாற்பது அங்குலம். தாத்தாவைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லலாம் போலிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் பின்பக்க வேலியோரம் நொன்னா என்னைக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏப்ரனுக்குள்ளிருந்து டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். ஆறு யார்க்‌ஷர் புட்டிங். ஓரளவு உயரம்தான், ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"இரண்டு அங்குலம்தான் வருகிறது" என்றார். "மூன்று தடவை செய்துவிட்டேன்."

ஸ்கேல் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது. ஏப்ரன் பையில் நுனி எட்டிப் பார்த்தது.

"எந்த எண்ணெய்?" என்றேன்.

"ஆலிவ். வேறு என்ன? ஆனால் அதைப் புகையவிட எனக்குக் கை வரவில்லை." கொஞ்ச நேரம் தாத்தா வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டான், தெரியுமா? வெறும் கறி. தட்டில் ஒரு பக்கம் காலி." பிறகு குரலை இறக்கினார். "நீ கடைக்குப் போகும்போது அந்தக் கொழுப்பு ஒரு பாக்கெட் வாங்கி வா. நான் வாங்குவதை யாராவது பார்த்தால் சர்ச் பக்கம் தலைகாட்ட முடியாது."

வாங்கிவந்தேன். செய்தித்தாளில் சுற்றி, இருட்டிய பிறகு, தாத்தா திரைச்சீலையை இழுத்துவிட்டார் என்று உறுதி செய்துகொண்டு வேலிக்கு மேலே கொடுத்தேன். அத்தை பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னளா அது, சாராயமா கடத்துத?"

"கொழுப்பு அத்தை."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

நாளை ராத்திரிக்கு மாவு அரைத்தாக வேண்டும். அவனை இரண்டு தடவை தேய்த்தும் கொழுப்பு வாடை போகவில்லை, அவனுக்குள் வைத்தால் அத்தை தொட மாட்டார். வெந்நீர் அலமாரிப் பக்கம் இவரை விடுவதாக இல்லை. துண்டுகளை மூன்று முறை துவைத்தாயிற்று, இன்னும் புளித்த வாடை. இன்று காலை இவர் ஆபீஸ் போனபோது ரயிலில் பக்கத்து சீட்டில் யாருமே உட்காரவில்லையாம். வசதியாக இருந்தது என்கிறார்.