பத்து கிலோ குறைந்த பிறகுதான் கோலம் போட்டு எழ முடியாமல் போனது

மார்கழி பிறந்து இரண்டாம் நாள். வாசலில் சின்னதாய் ஏழு புள்ளிக் கோலம்தான். உட்கார்ந்து போட்டு முடித்து எழப் பார்த்தால் தொடை கேட்கவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை, காலில் பலமே இல்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தும் முடியாமல் மருமகளைக் கூப்பிட்டேன். "அத்தை, கையை என் தோளில் போடுங்க" என்று தூக்கி நிறுத்தினாள். அன்று எனக்கு வந்த பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

எனக்கு 66 வயது. மூட்டு வலிக்கும் சர்க்கரைக்கும் எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். குறைத்தேன். செப்டம்பரில் 74 கிலோ, டிசம்பர் நடுவில் 64. எல்லோரும் பாராட்டினார்கள். காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி, தினமும் ஒன்றரை மணி நேர நடை. அவ்வளவுதான் நான் செய்தது. எடை குறைந்தால் கொழுப்புதானே குறையும் என்று நினைத்திருந்தேன். இழக்கும் எடையில் கால் பங்கு அளவுக்குத் தசை போன்ற கொழுப்பல்லாத பகுதியும் போகும் என்று யாரும் சொல்லவில்லை. வயதானவர்களுக்கு அப்படிப் போன தசை திரும்புவது கடினம். எடை மறுபடி ஏறினால் பெரும்பாலும் கொழுப்பாகத்தான் ஏறும்.

சரி, எவ்வளவு தசை போயிற்று என்று பார்க்கலாம் என்று டாக்டர் சீட்டு எழுதினார். இங்கேதான் முதல் அடி. சீட்டில் இருந்தது 'டெக்ஸா ஸ்கேன்' என்ற இரண்டு சொல் மட்டும். ஸ்கேன் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, இடுப்பையும் முதுகையும் எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இது எலும்பு அடர்த்தி. நான் கேட்டது முழு உடம்புத் தசை, கொழுப்பு அளவு" என்றார். திரும்பப் போய்க் கேட்டால், கவுன்டரில் இருந்தவர் முகம் நிமிராமலே "சீட்டில் அப்படி எழுதலையேம்மா, அந்த வசதியும் இங்க இல்ல" என்றார். பணம் கட்டும் முன்பே சொல்லியிருக்கலாம். இரண்டு ஆட்டோச் செலவும் ஒரு நாளும் போனதுதான் மிச்சம். இந்த ஸ்கேனுக்குப் போகிறவர்கள் 'முழு உடல் கொழுப்பு, தசை அளவு' என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த வசதி இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் ஒரு ஜிம்மில் வெறுங்காலோடு ஏறி நிற்கும் மெஷின். காலையில் ஒரு தசை அளவு, சாயங்காலம் வேறு அளவு. உடம்பில் உள்ள நீரைப் பொறுத்து அது மாறுமாம். அதை நம்பி அழ வேண்டாம். அதே ஜிம்மில் "அறுபதுக்கு மேல சேர்க்கிறதில்ல" என்றும் சொல்லிவிட்டார்கள்.

வழி காட்டியது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். ஸ்கேனே கேட்கவில்லை. தையல் டேப்பும் கைக்கடிகாரமும் போதும் என்றார். கெண்டைக்கால் சுற்றளவு 31.5 செ.மீ. நாற்காலியில் கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 17 விநாடி. அவரிடம் இருந்த பிடி அளக்கும் கருவியை அழுத்தியதில் கைப்பிடி பலம் 15 கிலோ. ஆசிய மருத்துவர் குழு 2019-இல் வகுத்த அளவுகளின்படி பெண்களுக்குச் சுற்றளவு 33-க்குக் கீழே, நேரம் 12 விநாடி அல்லது அதற்கு மேலே, பிடி 18 கிலோவுக்குக் கீழே இருந்தால் தசை இழப்பா என்று கவனிக்க வேண்டுமாம். எனக்கு மூன்றுமே தவறு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றைக்கே நாற்காலியைப் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

நடை மட்டும் போதாது என்பதையும் அவர்தான் புரிய வைத்தார். உடல் பருமனுள்ள முதியவர்கள் 160 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், எடை குறைத்தபோது நடை மாதிரியான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பல்லாத பகுதி 5 சதவீதம் குறைந்ததாம், எடை தூக்கியவர்களுக்கு 2 சதவீதம்தான். ஆகவே வாரம் மூன்று நாள் நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் தூக்குவது. மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும்.

சாப்பாட்டில் என் கணக்கு அதைவிட மோசம். நாள் முழுக்க 30 கிராம் புரதம்கூட இல்லை. என் வயதுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், அதாவது எனக்கு 64-இலிருந்து 77. முதலில் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் சரி என்று தெரிந்த பிறகே கூட்டினோம். சர்க்கரை இருப்பவர்கள் இந்தப் பரிசோதனையை விடவே கூடாது. சாப்பாட்டைக் குறைத்தால் மாத்திரை அளவையும் டாக்டரிடம் கேளுங்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் கஞ்சி குடித்த ஒரு ராத்திரி, சர்க்கரை இறங்கி எனக்கு வேர்த்துக் கொட்டியது.

இப்போது காலையில் இரண்டு முட்டையும் பாசிப்பயறு அடையும். மதியம் சோறு பாதி, பருப்பும் சோயா உருண்டையும் தயிரும் தாராளம். சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், ராத்திரி பால். 70-ஐத் தொட்டுவிடுகிறேன். மொத்தத்தையும் ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட வேண்டும் என்பது அவர் கண்டிப்பு.

ஏழு மாதத்தில் எடை இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது. கெண்டைக்கால் அப்படியே. ஆனால் நாற்காலி 11 விநாடி, பிடி 18.5 கிலோ. ஆடி வெள்ளிக்குப் பதினைந்து புள்ளி வைத்தேன். முழங்காலில் ஒரு கை ஊன்றி எழுந்தேன். கேட்டுக் கம்பி பக்கமே போகவில்லை.