அம்மாவின் வேப்பமரமும் வீட்டுச் சாக்கடைக் குழாயும்

மூன்று மாதத்தில் இது நான்காவது அடைப்பு. நேற்று பின்பக்கச் சேம்பரை (சாக்கடைக் குழாயைப் பார்க்கவும் சுத்தம் செய்யவும் உள்ள மூடி போட்ட தொட்டி) திறந்தால் தண்ணீர் விளிம்புவரை நிற்கிறது. கம்பி விட்டு இழுத்ததில் சடைமுடி போல வேப்பமர வேர் வந்தது.

அப்பா 1978-ல் மாம்பலத்தில் வீடு கட்டியபோது போட்டது. பழுப்பு நிறத்தில் பளபளக்குமே, அந்த ஸ்டோன்வேர் என்னும் சுட்ட களிமண் குழாய். குழாய் இன்னும் கல் மாதிரி இருக்கிறது, கெட்டுப்போனது இணைப்புகள்தான். இணைப்பில் பூசிய சிமெண்ட் விரிசல் விட்டால் போதும், ஈரத்தைத் தேடி வேர் உள்ளே வந்துவிடும்.

ஒரே இடத்தில் உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றியிருப்பேன். கொத்தனார் இரண்டு இடத்தில் தோண்டிக் காட்டினார். இரண்டிலும் வேர். ஓரிடத்தில் குழாயே அமிழ்ந்து தண்ணீர் தேங்குகிறது. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, போன குழாயை எத்தனை முறை குத்திவிட்டாலும் மறுபடி அடைக்கும். சரி, தெரு இணைப்பு வரை முழுவதும் பிவிசி போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். 110 மி.மீ. குழாய், 40 அடிக்கு ஒரு அடி வாட்டம், திரும்பும் இடத்தில் ஒரு சேம்பர். மண் மூடும் முன் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்க வேண்டும்.

அப்புறம், தெரு மேன்ஹோலில் ஆளை இறக்கினால் செலவு மிச்சம் என்றார் ஒருவர். கூடவே கூடாது என்றேன். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் நம் வீட்டு அடைப்புக்காக இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். அது அம்மா நட்டது. புதுக் குழாயைத்தான் ஆறடி தள்ளிக் கொண்டுபோகிறோம். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது.