சிற்றலை நேயர்களின் நோட்டுப் புத்தகங்கள்: இதுவரை சேர்ந்தவை

குமரி மாவட்டத்தில் சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலி கேட்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்த ஒரு தலைமுறை உண்டு. பாட்டு முடிந்ததும் பெட்டியை அணைத்துவிடுகிறவர்கள் அல்ல. முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, மாஸ்கோவும் பீகிங்கும் கொலோனும் எந்த மீட்டர் அலையில் எத்தனை மணிக்கு வருகின்றன என்று எழுதி வைப்பார்கள். கேட்டதை அறிக்கையாக அந்த நிலையத்துக்கே அனுப்பி, பதிலுக்குக் க்யூ.எஸ்.எல். அட்டை, அதாவது கேட்டதை நிலையம் உறுதிப்படுத்தும் அட்டை, வாங்குவார்கள். மன்றம் வைத்து சைக்ளோஸ்டைல் இதழ் நடத்தியவர்களும் இருந்தார்கள். மன்றங்கள் கலைந்து வெகுகாலம் ஆயிற்று. காகிதங்களில் பாதி எடைக்குப் போய்விட்டது, மீதி வீட்டு மச்சில் கிடக்கிறது. அந்த மீதியைத் தேடிப் படியெடுத்து வைக்கும் வேலையில் இருக்கிறேன்.

எந்த வீட்டில் கேட்டாலும் முதலில் வெளியே வருவது அட்டைகள்தான். வண்ணப்படம், வெளிநாட்டுத் தபால்தலை என்று பார்க்க அழகாக இருப்பதால் அவற்றை யாரும் எறிவதில்லை. நோட்டைக் கேட்டால்தான் தயங்குகிறார்கள். "அதுல என்ன இருக்கு சார், வெறும் கணக்கு" என்றார் தக்கலைப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். எனக்கு வேண்டியது அந்தக் கணக்குதான். கேட்டதை உறுதிப்படுத்தும் அட்டையை பி.பி.சி. வழக்கமாகத் தருவதில்லை. ஆனால் இந்த வீடுகளில் தினமும் தவறாமல் கேட்கப்பட்டது அதன் தமிழ் ஒலிபரப்பான தமிழோசை. அட்டையை மட்டும் வைத்து வரலாறு எழுதினால், இங்கே பி.பி.சி.யை யாருமே கேட்கவில்லை என்று ஆகிவிடும். கொழும்பு வானொலியின் நேயர் விருப்பத்துக்கும் இதே கதிதான். பெயரும் ஊரும் காற்றில் ஒலித்தன, கையில் எதுவும் தங்கவில்லை.

அந்த ஆசிரியரின் நோட்டு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. தேதி, நேரம், அலைவரிசை, பக்கத்தில் ஐந்து இலக்கம். அந்த ஐந்தும் சின்போ குறியீடு: சிக்னலின் பலம், மற்ற நிலையத்தின் இடையூறு, இரைச்சல், அலை பரவுவதில் வரும் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஓரத்தில் பென்சிலில் "இடி", "கரண்ட் இல்லை, பேட்டரி செல்லில் கேட்டது", "புது வயர்" என்று குறிப்புகள். புது வயர் எழுதிய நாளுக்குப் பிறகு 31 மீட்டரில் முதல் இலக்கம் 3-லிருந்து 4-க்கு ஏறுகிறது. இரண்டு தென்னைக்கு நடுவே கட்டிய செம்புக் கம்பி எத்தனை நீளம் என்று கேட்டேன். ஐம்பது அடி என்றார். 31 மீட்டர் அலையில் பாதி ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார். எந்த அட்டையிலும் இது இருக்காது.

அதிக நேரம் எடுப்பது தேதியில்லாத தாள்களுக்குக் காலம் குறிப்பது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். நிலையத்தின் பெயரே பாதி வழி காட்டிவிடும். ரேடியோ சிலோன் என்றிருந்தால் 1967-க்கு முந்தையது. அந்த ஆண்டு அது சிலோன் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது, 1972-இல் சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது. பீகிங் வானொலி 1983-இல் பெய்ஜிங் வானொலியாகவும் 1993-இல் சீன சர்வதேச வானொலியாகவும் மாறியது. மாஸ்கோ வானொலி 1993 கடைசியில் ரஷ்யாவின் குரல் ஆனது. கிழக்கு ஜெர்மனியின் பெர்லின் சர்வதேச வானொலி 1990 அக்டோபரோடு நின்றுபோனதால், அதன் தாள் எதுவும் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

மீதி வழியை நம் பக்கத்து முகவரி காட்டும். பின்கோடு இல்லையென்றால் பெரும்பாலும் 1972 ஆகஸ்டுக்கு முன்பு. மெட்ராஸ் ஸ்டேட் என்றிருந்தால் 1969-க்கு முன்பு எழுதிய முகவரி என்று முதலில் நினைக்கலாம். ஆனால் இதை மட்டும் நம்பக்கூடாது. நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்குப் பல வருடம் கழித்து வந்த ஒரு உறையிலும் பழைய மாநிலமான திருவிதாங்கூர்-கொச்சி என்றே தட்டச்சு செய்திருக்கிறது. வெளிநாட்டு நிலையங்கள் பழைய முகவரிப் பட்டியலையே வைத்திருந்திருக்க வேண்டும். அதனால் பெயர், முகவரி, தபால் முத்திரை மூன்றும் ஒத்துவந்தால்தான் ஆண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் பத்தாண்டு மட்டும்.

தேதியில் இன்னொரு சிக்கல் உண்டு. நிலையங்கள் உலக நேரத்தில் எழுதும், நமக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால். நள்ளிரவு தாண்டிக் கேட்டதை நேயர் 15-ஆம் தேதி என்று நோட்டில் எழுதியிருப்பார், அட்டையில் 14 என்று இருக்கும். இரண்டையும் அப்படியே பதிகிறேன், எதையும் திருத்துவதில்லை.

எதிர்பாராமல் கிடைத்த நல்ல சான்று ரேடியோ லைசென்ஸ் புத்தகம். வருடாவருடம் தபாலாபீசில் பணம் கட்டி முத்திரை வாங்கிய அந்தச் சின்னப் புத்தகத்தில் எந்தப் பெட்டி, எந்த வீடு, எத்தனை வருடம் என்று எல்லாம் இருக்கிறது. அட்டை வைத்திருப்பவர்களிடம் இப்போது அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

படியெடுப்பது பற்றிச் சுருக்கமாக. இரண்டு மழைக்காலமும் பெய்யும் ஊர், தாளில் ஈரம் இல்லாமல் இராது. பூஞ்சை இருந்தால் முதலில் நிழலில் ஃபேன் காற்றில் உலர்த்தி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டுகிறேன். வெயிலில் வைத்தால் மை வெளுக்கும். ராமபாணப் பூச்சி அரித்த ஓரங்களை ஒட்டுப்போடுவதில்லை. ஸ்கேன் செய்வது அட்டைக்கு இரு பக்கமும் 600 டி.பி.ஐ. நுணுக்கத்தில், நோட்டுக்கு வெற்றுப் பக்கம் உட்பட எல்லாம். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட அட்டையைப் பிய்க்காமல், பல் இடுக்கில் விடும் நூலை அடியில் மெதுவாக இழுத்து எடுக்கிறேன். எல்லாம் மூன்று படி, ஒன்று வேறு ஊரில். யாருக்காவது கொடுக்கும்போது ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு வீட்டு முகவரியை மறைத்துவிடுகிறேன்.

கேசட்டுகள் இன்னும் தொடக்கத்தில்தான் நிற்கின்றன. பழைய சி-90 நாடா மிக மெல்லியது. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் கழன்றிருந்தால் ஒலி மங்கிவிடும். நல்ல கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றி, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்த பிறகே கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றுகிறேன். நிலையத்தின் அறிமுக இசையோடு, நேயர் வீட்டுச் சேவல் கூவுவதும் பதிவாகியிருக்கிறது. அந்தச் சத்தத்தை நீக்கவேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

காகிதத்துக்கும் முன்னால் செய்யவேண்டியது ஆட்களின் பேச்சைப் பதிவது. நோட்டு இன்னும் பத்து வருடம் தாங்கும், எண்பது தாண்டியவர்களுக்கு அந்த உறுதி இல்லை. குளச்சல் கடப்புரத்தில் ஒரு பாட்டா சொன்னார்: "கொழும்பு பட்டப்பகல்லயும் தெளிவாட்டு கேக்கும் மக்களே. மலைப்பக்கம் இருக்கவனுக்கு ராத்திரிதான்." மத்திய அலை (மீடியம் வேவ்) உப்புத்தண்ணீரின் மேல் நிலத்தைவிட வெகுதூரம் வலுவிழக்காமல் ஓடும், இங்கிருந்து கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் கடல்தான். பாடப்புத்தகம் சொல்வதை அவர் காதால் அறிந்து வைத்திருக்கிறார். கரை ஊர் நோட்டுகளையும் மலைப்பக்க ஊர் நோட்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் யோசனை அவர் பேச்சிலிருந்துதான் வந்தது.

அடுத்துத் தேடுவது 1984-ஆம் வருட நோட்டுகளை. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அந்த வருடம்தான் நாகர்கோவிலில் பண்பலையில் தொடங்கியது. சிற்றலையிலேயே ஊறியிருந்த நேயர்கள் அந்த இரைச்சலில்லாத ஒலியைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று பார்க்கவேண்டும். என் கையில் 1983 இருக்கிறது, 1986 இருக்கிறது, நடுவில் இல்லை. உங்கள் வீட்டு மச்சில் அந்த வருடங்களின் நோட்டு எதுவும் இருந்தால் பக்கம் கிழிக்காமல், தைத்த நூலோடு அப்படியே வைத்திருங்கள். நானே வந்து படமெடுத்துக்கொண்டு, நோட்டை உங்களிடமே தந்துவிடுகிறேன்.