சவரக்கத்தி பழகும் பையன்: கன்னம் முடிந்து கழுத்துக்கு

பையனுக்குச் சவரக்கத்தி சொல்லிக்கொடுக்கும்போது அப்பாவின் கண் முழுக்கக் கத்தி பிடித்த கையிலேயே இருக்கும். பார்க்க வேண்டியது இன்னொரு கையை. தோல் தளர்ந்திருந்தால் கூருக்கு முன்னால் சின்ன மடிப்பாகத் திரளும். வெட்டு விழுவது அந்த மடிப்பில்தான். அதனால் முதல் கட்டம் கத்தியே இல்லாமல் நடந்தது. முகத்தில் நுரை, வலது கையில் காலாவதியான ஏடிஎம் கார்டு. இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, வலது கிருதாவுக்குச் சற்று மேலே இரண்டு விரலை ஊன்றித் தோலை மேலே இழுக்க வேண்டும். கார்டு கீழ்நோக்கி நுரையை வழிக்க வேண்டும். விரல் வழுக்கும். படிகாரக் கட்டியை நனைத்து விரல் நுனியில் தேய்த்துக் காயவிட்டால் பிடி கிடைக்கும். சென்னை வியர்வையில் இது இல்லாமல் முடியாது.

கத்திக்கு 5/8 அங்குல அகலமும் உருண்ட நுனியும் போதும். சதுர நுனி காது மடலையும் மூக்கோரத்தையும் கீறும். பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டும் சலூன் கத்தி மலிவுதான், ஆனால் எடை குறைவு. கோணம் கொஞ்சம் பிசகினாலும் கோடு போட்டுவிடும். பழகுவதற்கு, பிளேடு மாற்றாமல் தீட்டியே பயன்படுத்தும் கனமான முழுக்கத்தியே நல்லது. தாத்தாவின் சோலிங்கன் (ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர்) கத்தி பரணில் இருந்தால் எடுக்கலாம், கூரில் விரிசலோ பொக்கையோ இல்லையென்றால். தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். சுழலும் கல்லின் சூட்டில் மெல்லிய கூர் பதம் இழந்துவிடும். தட்டையான தண்ணீர்க் கல்லில், கத்தியின் முதுகும் கூரும் ஒருசேரப் படும்படி தேய்த்து, கல்லின் நயத்தைக் குறிக்கும் எண்ணில் 1000, 4000, 8000 என்று ஏற வேண்டும். இதை அப்பாதான் செய்ய வேண்டும், பையனுக்கு இப்போது வேண்டாம்.

அப்பாவும் பையனும் ஒரே கத்தியில் சவரம் செய்யவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், ஹெபடைடிஸ் பி பரவுவதற்கு. ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டோம் என்ற தைரியமும் வேண்டாம்.

தோல் வாரில் தீட்டுவதுதான் அதிக நாள் பிடித்தது. ஜன்னல் கம்பியில் பழைய பெல்ட்டை மாட்டி, வெண்ணெய் தடவும் கத்தியால் பழக்கினால் நல்ல வார் கிழியாது. முதுகு முன்னே போக, கூர் பின்னால் இழுபட வேண்டும். முனைக்கு வந்ததும் முதுகின் மேலேயே புரட்ட வேண்டும். கூரின் மேல் புரட்டினால் வாரில் வெட்டு, கூரும் போயிற்று. வார் தொய்ந்திருந்தால் கூர் உருண்டுவிடும். வாரின் துணிப் பக்கத்தில் 20 முறை, தோல் பக்கத்தில் 50 முறை, போய் வருவது ஒரு முறை என்ற கணக்கில். பையன்கள் வேகம் காட்டத்தான் பார்ப்பார்கள். மெதுவாகச் செய்தாலும் கூர் அதேதான்.

நுரை திரண்டு தயிராகிப் போனால் சோப்பைக் குறை சொல்ல வேண்டாம், காரணம் போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகிவிடும். ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஒரு சவரத்துக்குப் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், நுரை காய்ந்தால் கத்தி இழுக்கும்.

பிறகுதான் நிஜக் கத்தி, வலது கன்னம் மட்டும். மூன்று விரல் தண்டின் (கூருக்கும் கைப்பிடி ஆணிக்கும் நடுப்பகுதி) மேல், சுண்டுவிரல் வாலில் (ஆணிக்குப் பின்னால் நீளும் வளைந்த முனை), கட்டைவிரல் தண்டின் அடியில். கோணம் சுமார் 30 டிகிரி. முதுகுக்கும் கன்னத்துக்கும் இடையே முதுகின் கனத்தைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளி என்று காட்டினால் பையனுக்கு உடனே புரிகிறது. அதற்கு மேல் நிமிர்த்தினால் வெட்டும், படுக்கவைத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். இழுக்கிறதே என்று அழுத்தக் கூடாது. நிறுத்தி, கோணத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் மறுபடி வாரில். அப்பா பையனின் மணிக்கட்டைப் பிடித்து ஓட்டவும் கூடாது. ஒரு கத்தியில் இரண்டு பேர் விசை சேர்ந்தால் யார் அழுத்துகிறார்கள் என்று இருவருக்குமே தெரியாது. பின்னால் நின்று, கண்ணாடியைப் பார்த்து வாயால் சொன்னால் போதும். கத்தி நழுவினால் கையை நீட்டாமல் காலைப் பின்னுக்கு எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கழுவும்போது குழாயில் தட்டாமல் பார்க்கவும் வேண்டும், பொக்கை விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

கன்னம் இரண்டும் தேறியாயிற்று. கழுத்தில்தான் இப்போது வேலை. இரண்டு நாள் முடியோடு விரலால் தடவிப் பார்த்தால், தொண்டைக்குக் கீழே முடி பக்கவாட்டில் படுத்திருப்பது தெரியும்; அந்தத் திசையிலேயே வழிக்க வேண்டும். சுருள் முடிக்காரர்களுக்கு முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராக ஷேவ் வேண்டவே வேண்டாம், முடி தோலுக்குள்ளேயே வளைந்து பரு கிளம்பும்.

முடிந்ததும் கத்தியை முதுகிலிருந்து கூர் நோக்கித் துடைத்து, கைப்பிடி சேரும் ஆணியருகே ஈரம் போகக் காயவிட்டு, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுக்கும். குளியலறையில் வைக்காதீர்கள், கடற்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் சீக்கிரமே கூரில் துருப்புள்ளி வந்துவிடும்.

மோவாயை இன்னும் தொடவில்லை. வளைவில் தட்டையான கத்தி ஒரு புள்ளியில்தான் படும், அழுத்தம் முழுக்க அங்கே இறங்கும். கீழுதட்டை உள்ளே மடித்து, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சின்னச் சின்ன இழுப்பாகப் போக வேண்டும். கழுத்து தொடர்ந்து கீறலில்லாமல் வரும்வரை மோவாய்க்கும் மேலுதட்டுக்கும் சாதா ரேசரே.